கையெழுத்துப் போடாதே, தம்பி

(காசிமேட்டில் மே நாள் மாலைக் கூட்டத்தில் பேசியது)

கம்பெனி அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு பின்வரிசையில் நிற்கிற தம்பி தங்கைகளே!

மீன்பிடித் தடைக்காலம் இது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. அதனால்தான் இத்தனை பேரை ஒரே நேரத்தில் தரையில் பார்க்க முடிகிறது. டீசல் மானியம், தடைக்கால நிவாரணம் எல்லாம் அடுத்து வருகிறவர்கள் பேசுவார்கள். நான் கம்ப்யூட்டரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சிரிக்காதீர்கள். கம்ப்யூட்டர் படித்த பிள்ளை இல்லாத தெரு ஒன்றை இந்தப் பக்கத்தில் காட்டுங்கள் பார்ப்போம்!

"என்னோடு இந்த உப்புத்தண்ணி போகட்டும், பிள்ளை ஏசி ரூமில் உட்காரட்டும்" என்று நகையை அடகு வைத்துப் படிக்க வைத்தீர்கள். சரிதான், யார் குறை சொல்ல முடியும்? ஆனால் கூடவே இரண்டு புத்திமதியும் சொல்லி அனுப்பினீர்கள். பயோடேட்டாவில் காசிமேடு என்று போடாதே, ராயபுரம் என்று போடு. சங்கம் கிங்கம் என்று எவனாவது வந்தால் ஒதுங்கிப் போ. முதல் புத்திமதியால் பிள்ளைக்குக் கொஞ்சம் வெட்கம் வந்தது, போகட்டும். இரண்டாவதுதான் அவனைத் தனியாளாக நிறுத்தியிருக்கிறது. என் சண்டை அதோடுதான்.

2000ஆம் ஆண்டு தரமணியில் டைடல் பார்க் திறந்தார்கள். அப்புறம் பழைய மகாபலிபுரம் சாலை முழுக்கக் கண்ணாடிக் கட்டடம் எழும்பியது. வடக்கே நமக்கு என்ன வந்தது? எண்ணூரில் சாம்பல் குளம். சரி, வேலை அங்கே என்றால் அங்கே போவோம் என்று நம் பிள்ளைகள் இருட்டோடு கிளம்பி, நகரத்தை முழுசாகக் கடந்து, சிறுசேரி வரைக்கும் போகிறார்கள். போய் என்ன கிடைக்கிறது? பெரிய கம்பெனிகளில் புதிதாகச் சேரும் பிள்ளைக்குப் பத்து வருடத்துக்கு முன்னால் ஆண்டுக்கு மூன்று லட்சத்துச் சொச்சம். இன்றைக்கும் பெரும்பாலும் மூன்றரை லட்சத்தைச் சுற்றித்தான் நிற்கிறது. அந்தப் பத்து வருடத்தில் டீசல் நின்றதா? ஐஸ் நின்றதா? வீட்டு வாடகை நின்றதா?

நம் படகில் கணக்கு எப்படி? டீசல், ஐஸ், ரேஷன் கழித்து மிச்சத்தில் ஓனருக்குப் பங்கு, ஆளுக்குப் பங்கு. அதில் சண்டை இல்லையா? இருக்கிறது. ஓனர் பங்கு அதிகம் என்று நானே இதே மேடையில் கத்தியிருக்கிறேன், முன்வரிசையில் இருக்கிற ஓனர்மார் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஆனாலும் மீன்பாடு நன்றாக விழுந்தால் வலை இழுத்தவன் மடியிலும் காசு விழும். கம்பெனிக்குப் பாடு விழுந்தால் உன் பிள்ளைக்கு என்ன? ஒரு வெள்ளிக்கிழமை பீட்சா. பாடு குறைந்தால் மட்டும் அவன் முதல் ஆளாக வெளியே.

2025 ஜூலையில் டி.சி.எஸ். அறிவித்தது: ஏறக்குறைய 12,000 பேரைக் குறைக்கப் போகிறோம், மொத்த ஆட்களில் 2 சதவீதம். அதிலே அதிகம் அடிபட்டது நடுத்தட்டு, மேல்தட்டு ஆட்கள். அதாவது பதினைந்து வருடம் உழைத்து, மேடவாக்கத்தில் வீட்டுக் கடன் வாங்கி, பிள்ளையை நல்ல பள்ளிக்கூடத்தில் போட்டவன். உடனே ஊரெல்லாம் ஒரே பேச்சு: ஏஐ வந்துவிட்டது, வேலை போய்விட்டது.

மெஷின் வந்தால் வேலை போகும் என்று நமக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள். நம் படகில் மெஷின் இல்லையா? கரையில் இரண்டு அடையாளத்தை நேர்கோட்டில் வைத்துக் கடலில் இடம் கண்டுபிடித்த தாத்தாவின் பேரன் ஜிபிஎஸ் பார்க்கிறான், எக்கோ சவுண்டர் பார்க்கிறான். ஐதராபாத்தில் இன்காய்ஸ் என்று ஒரு அரசு நிறுவனம், செயற்கைக்கோளிலிருந்து கடலின் சூட்டையும் நிறத்தையும் பார்த்து மீன் எங்கே கூடும் என்று தகவல் அனுப்புகிறது. வாங்கிக்கொண்டோம். எந்த மீனவனும் ஜிபிஎஸ்ஸைத் தூக்கிக் கடலில் போடவில்லை.

ஆனாலும் கம்ப்யூட்டருக்கு விரோதி சங்கம் என்று ஒரு பழி இருக்கிறது. 1960களில் கல்கத்தாவில் எல்.ஐ.சி. ஊழியர்கள் கம்ப்யூட்டரை உள்ளே விடாமல் காவல் இருந்தது உண்மைதான். ஆனால் 1983இல் வங்கி ஊழியர்கள் என்ன செய்தார்கள்? நிர்வாகத்தோடு எதிரெதிரே உட்கார்ந்து பேசி ஒப்பந்தம் போட்டார்கள். அந்த மெஷினை இயக்குகிறவருக்குத் தனிப்படி வாங்கினார்கள். அப்புறம்தான் மெஷின் உள்ளே வந்தது. கல்லாவில் உட்கார்ந்து கணக்கு எழுதிய குமாஸ்தா பேசி வாங்கினான். அந்த மெஷினுக்கே மூளை எழுதுகிற நம் என்ஜினியர் வாயைத் திறக்கவில்லை! கேட்டால், "நாங்கள் தொழிலாளி இல்லை, புரொபஷனல்" என்கிறான்.

தம்பி, 1923 மே 1 அன்று இந்த நாட்டிலேயே முதன்முதலாக மே நாள் கொண்டாடியது இதே சென்னைக் கடற்கரையில். கொண்டாடிய சிங்காரவேலர் மீனவக் குடும்பத்துப் பிள்ளை, வக்கீல். படித்தவனுக்குச் சங்கம் எதற்கு என்று அவரிடம் போய்ச் சொல்லியிருந்தால் என்ன பதில் கிடைத்திருக்கும்?

அதற்கும் முன்னால், 1918 ஏப்ரல் 27. நமக்குப் பக்கத்திலேயே, பெரம்பூர். பின்னி மில் ஆட்களுக்குச் சாப்பாட்டு நேரம்கூட ஒழுங்காகக் கிடையாது. சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது; தலைவர் பி.பி.வாடியா, பக்கத்தில் திரு.வி.க. கம்பெனி சும்மா இருந்ததா? ஹைகோர்ட்டுக்குப் போய் வாடியாவுக்குத் தடை வாங்கியது. சங்கம் வைத்ததற்கு ஒரு மனிதனைக் கோர்ட்டில் நிறுத்த முடியும் என்றால் சட்டமே வேண்டும் என்று குரல் எழுந்தது, அப்படித்தான் 1926இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. வடசென்னைக்காரன் வாங்கிக் கொடுத்த சட்டம் அது! இப்போது அதைப் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள், அதில் நமக்கு ஆயிரம் சண்டை இருக்கிறது. ஆனால் சங்கம் அமைக்கும் உரிமை போகவில்லை. ஐ.டி. ஊழியரும் சங்கம் வைக்கலாம் என்று 2016இலேயே தமிழ்நாடு அரசு தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆகவே காசிமேடு என்பது பயோடேட்டாவில் மறைக்க வேண்டிய பெயர் இல்லை. அந்தக் கண்ணாடிக் கட்டடத்தில் இல்லாத ஒரு பழக்கம், சங்கமாகச் சேர்ந்து நிற்கிற பழக்கம், இந்த ஊரில் இருக்கிறது. அதைக் கொண்டுபோ.

நாளைக்கே என்ன செய்ய வேண்டும் என்று கேட்பீர்கள். எச்ஆர் உன்னைத் தனி ரூமுக்குக் கூப்பிட்டு, "நீங்களாகவே ரிசைன் பண்ணிவிடுங்கள், ரெக்கார்ட் சுத்தமாக இருக்கும்" என்று பேப்பரை நீட்டினால், அன்றைக்குக் கையெழுத்துப் போடாதே. எழுத்தில் கொடுங்கள் என்று கேள். பக்கத்து சீட்டுக்காரனிடம் சொல். வீட்டில் மறைக்காதே. அம்மாமார்களே, பிள்ளை வேலை போய் வந்து நின்றால் எதிர்வீட்டுக்குத் தெரியக் கூடாது என்று கதவைச் சாத்தாதீர்கள். வேலை உத்தரவு, சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இங்கே வாருங்கள். வக்கீல் இருப்பார், நாங்களும் இருப்போம்.