டேட்டாபேஸ்: வாங்கும் விலையும் வெளியேறும் விலையும்

வங்கி கவுன்ட்டரில் பாஸ்புக்கை நீட்டினால் நொடியில் இருப்புத் தொகை திரையில் தெரிகிறது. அந்தக் கணக்கைக் காத்துவைத்து எடுத்துக் கொடுப்பது டேட்டாபேஸ் மென்பொருள். ஆரக்கிள், ஐபிஎம்மின் டிபி2, போஸ்ட்கிரஸ் என யூனிக்ஸ், லினக்ஸ் சர்வர்களில் இதற்குப் போட்டி கடுமை. எதை வாங்குவது என்று நிறுவனங்கள் கூடிப் பேசும்போது வேகம்தான் முதலில் அடிபடுகிறது. முதலில் கேட்க வேண்டியது வேறு: நாளை இதை விட்டு வெளியேற என்ன செலவாகும்?

விலைக் கணக்கே ஒரு புதிர்தான். ஆரக்கிள் என்டர்பிரைஸ் பதிப்புக்குப் பட்டியல் விலை ஒரு பிராசஸருக்கு 47,500 டாலர். இங்கே பிராசஸர் என்பது கோர்களின் எண்ணிக்கையைச் சிப்பின் வகைக்கேற்ற எண்ணால் பெருக்கி வருவது. இன்டெல் சியான் சிப்புக்கு அரை. ஐபிஎம்மின் அண்மைக்கால பவர் சிப்புக்கு ஒன்று. 16 கோர் இன்டெல் லினக்ஸ் சர்வருக்கு 8 லைசென்ஸ், அதாவது 3,80,000 டாலர். அதே 16 கோர் கொண்ட பவர் யூனிக்ஸ் சர்வருக்கு இரண்டு மடங்கு! போதாததற்கு, லைசென்ஸ் தொகையில் 22 சதவீதம் ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணம். பேரம் பேசிக் குறைக்கலாம். கணக்கின் அடிப்படை மாறாது.

போஸ்ட்கிரஸுக்கு லைசென்ஸ் கட்டணமே கிடையாது. ஆனால் அதற்கு மாறுவது இலவசமல்ல. ஒருவருக்கு இனிஷியல் பதிவாகவில்லை என்று வைத்துக்கொள்வோம். வெற்று இனிஷியலையும் 'முருகன்' என்ற பெயரையும் ஒட்டச் சொன்னால் ஆரக்கிள் 'முருகன்' என்று தரும். அதே கட்டளைக்கு போஸ்ட்கிரஸ் முழுப் பெயரையும் வெற்றாக்கிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. இத்தகைய இடங்களைத் தேடித் திருத்துவதில்தான் மாதங்கள் கரைகின்றன.

இருக்கும் இடத்திலேயே இருந்துவிடலாம் என்றால் அதிலும் ஆபத்து உண்டு. ஹெச்பியின் யூனிக்ஸ் சர்வர்களில் இருந்த ஐட்டேனியம் சிப்புக்கு இனித் தன் மென்பொருளின் புதிய பதிப்புகள் வராது என்று 2011-இல் ஆரக்கிள் அறிவித்தது. ஹெச்பி வழக்குத் தொடுத்தது. 2016-இல் 300 கோடி டாலர் இழப்பீடு வழங்க ஜூரி தீர்ப்பளித்தது. இடையில் தவித்தவர்கள் அந்த சர்வர்களை நம்பிய வாடிக்கையாளர்கள்.

அமேசானின் சில்லறை வணிகப் பிரிவு வெளியேறியே காட்டியது. ஏறத்தாழ 7,500 ஆரக்கிள் டேட்டாபேஸ்களிலிருந்த 75 பெட்டாபைட் தரவை இடம் மாற்றியதாக 2019 அக்டோபரில் அறிவித்தது. நூற்றுக்கும் மேற்பட்ட குழுக்கள் இதில் ஈடுபட்டன. அப்போதும், ஆரக்கிளோடு இறுகப் பிணைந்திருந்த சில வெளியார் மென்பொருள்களை அமேசானாலும் மாற்ற முடியவில்லை.