ஒரு குண்டு எத்தனை காசு?



சூதாட்டம் என்றதும் சீட்டுக்கட்டு, குதிரைப் பந்தயம், நாலு நம்பர், ஜாக்பாட் இயந்திரம் ஆகியவைதாம் பலருக்கும் நினைவுக்கு வரும். வரவேற்பறையில் சாய்ந்துகொண்டு கைப்பேசியில் மீன் சுடும் கணவரையோ மகனையோ பார்த்தால் அந்த நினைவு வருவதில்லை. திரையில் நீலக் கடல். வண்ண மீன்கள், ஆமை, சுறா, நடுவே ஒரு தங்க டிராகன். கீழே ஒரு பீரங்கி. விரல் பட்ட திசையில் குண்டு பாய்கிறது. மீன் வெடித்துத் தங்கக் காசாகக் கொட்டுகிறது. "சின்னப் பிள்ளை மாதிரி விளையாடுகிறாரே" என்று வீட்டில் உள்ளவர் சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுகிறார். சீட்டுக்கட்டைக் கண்டிருந்தால் சண்டை வந்திருக்கும். மீனைக் கண்டு யாரும் சண்டை போடுவதில்லை. இந்த ஆட்டத்தின் முதல் ஆபத்து அதுதான். பார்ப்பவருக்கு அது சூதாட்டமாகத் தெரிவதே இல்லை.

இதன் பிறப்பிடம் ஆர்கேட் எனப்படும் விளையாட்டுக் கூடங்கள். பெரிய மேசை போன்ற திரையைச் சுற்றி ஆறு, எட்டுப் பேர் உட்கார்ந்து சுடுவார்கள். தைவான் நிறுவனமான ஐஜிஎஸ் தயாரித்த 'ஓஷன் கிங்' இந்த வகையில் பலரும் அறிந்த பெயர். கடைத்தொகுதியில் பிள்ளைகள் டிக்கெட்டுக்காகச் சுட்ட அதே மீன், பிறகு கைப்பேசிக்குள் வந்து பணத்துக்காக நீந்தத் தொடங்கியது. சிங்கப்பூரில் ஆர்கேட் ஆட்டங்களின் பரிசுக்கு 2022 முதல் 100 வெள்ளி என்று உச்சவரம்பு உண்டு. கைப்பேசிக்குள் நீந்தும் சட்டவிரோத மீனுக்கு எந்த வரம்பும் கிடையாது.

ஆட்டம் நடக்கும் விதம் இதுதான். முதலில் பணம் கட்டி 'கிரெடிட்' வாங்க வேண்டும். பிறகு குண்டின் விலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 1 காசுக்கும் குண்டு உண்டு, 10 வெள்ளிக்கும் உண்டு. ஒவ்வொரு மீனுக்கும் ஒரு மடங்கு குறிக்கப்பட்டிருக்கும். சிறு மீன் 2 மடங்கு, நடுத்தர மீன் 10 மடங்கு, சுறா 100 மடங்கு என்பது போல. 10 காசுக் குண்டால் 100 மடங்கு மீன் விழுந்தால் 10 வெள்ளி. விழாவிட்டால் அந்த 10 காசு போனது போனதுதான். ஆகவே குண்டு என்பது குண்டே அல்ல. அது ஒரு பந்தயம். பீரங்கியின் விசையைத் தட்டும் ஒவ்வொரு முறையும் ஒரு பந்தயச் சீட்டு வாங்கப்படுகிறது.

மீன் எப்போது விழும்? குறி பார்த்துச் சுட்டால் விழும் என்று புதிதாக ஆடுபவர் நினைக்கிறார். பெரிய மீன் பல குண்டுகள் வாங்கிக் களைத்துப் போயிருக்கும், இன்னும் இரண்டு போட்டால் விழும் என்று நினைக்கிறார். பக்கத்து ஆட்டக்காரர் சுட்டுக் களைக்க வைத்த மீனைத் தாம் தட்டிப் பறிக்கலாம் என்றும் கணக்குப் போடுகிறார். இத்தகைய ஆட்டங்களின் வழக்கமான அமைப்பில் மீன் களைப்பதில்லை. ஒவ்வொரு குண்டும் படும்போது கணினி ஒரு குலுக்கல் போடுகிறது. அந்தக் குலுக்கலுக்கு முன்னால் பாய்ந்த குண்டுகளின் நினைவு கிடையாது. பல ஆட்டங்களில் குறி தவறிய குண்டுகூடத் திரையின் ஓரத்தில் பட்டுத் திரும்பி ஏதாவதொரு மீன்மேல் பட்டுவிடும். அப்படியிருக்க, குறி பார்க்கும் கண்ணுக்கு அங்கே என்ன வேலை?

ஒரு கணக்குப் பார்ப்போம். போடும் ஒவ்வொரு வெள்ளிக்கும் 95 காசு திரும்ப வருமாறு ஆட்டம் அமைக்கப்பட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். அப்படியானால் 2 மடங்கு மீன் ஒரு குண்டில் விழும் வாய்ப்பு 100க்கு 47 அல்லது 48. 10 மடங்கு மீனுக்கு 100க்கு 9 அல்லது 10. 100 மடங்கு சுறாவுக்கு 100க்கு 1கூட இல்லை. சுறாமேல் 100 குண்டு போட்டால் ஒன்றாவது பலிக்கும் என்று தோன்றும். 100 பேர் ஆளுக்கு 100 குண்டு போட்டால் ஏறக்குறைய 38 பேர் வெறுங்கையோடு நிற்பார்கள். 200 குண்டு போட்டாலும் 15 பேருக்கு அதே கதி. அவர்கள் யாரும் மோசமாகச் சுட்டவர்கள் அல்லர்.

ஒரு வெள்ளிக்கு 95 காசு திரும்புகிறது என்றால் பரவாயில்லையே என்று சிலர் கேட்கக்கூடும். கேட்க வேண்டிய கேள்விதான். சிங்கப்பூர் பூல்ஸ் நடத்தும் நாலு நம்பரில் 'பிக்' பந்தயத்துக்கு முதல் பரிசு வெள்ளிக்கு 2,000, இரண்டாவது 1,000, மூன்றாவது 490, பத்து எண்களுக்குத் தலா 250, இன்னும் பத்து எண்களுக்குத் தலா 60. பத்தாயிரம் எண்களுக்கும் ஆளுக்கொரு வெள்ளி கட்டினால் திரும்பி வருவது 6,590 வெள்ளி. அதாவது வெள்ளிக்கு 66 காசுகூட முழுதாக இல்லை. அந்தக் கணக்கில் மீன் ஆட்டம் தாராள மனத்தோடு நடப்பதாகத் தெரியும்.

வித்தியாசம் வேகத்தில் இருக்கிறது. நாலு நம்பர் குலுக்கல் வாரத்தில் புதன், சனி, ஞாயிறு என மூன்று நாள். ஒருவர் ஒவ்வொரு குலுக்கலுக்கும் 10 வெள்ளி கட்டினால் வாரத்துக்கு 30 வெள்ளி; சராசரியாக இழப்பது 10 வெள்ளி சொச்சம். மீன் ஆட்டத்தில் தானியங்கிச் சுடுதலை அழுத்திவிட்டால் நொடிக்கு மூன்று குண்டு போவது பெரிய காரியமில்லை. 10 காசுக் குண்டு என்றால் நிமிடத்துக்கு 18 வெள்ளிப் பந்தயம், மணிக்கு 1,080 வெள்ளி. அதில் நூற்றுக்கு ஐந்து போனாலும் மணிக்கு 54 வெள்ளி இழப்பு. வேலைக்குப் போய் வரும் ரயில் பயணத்தில் நாளுக்கு 20 நிமிடம் மட்டும் ஆடுபவருக்கு வாரத்தில் 126 வெள்ளி போகும். வெறும் 10 காசுக் குண்டில்!

1,080 வெள்ளி கையில் இருந்தால்தானே அவ்வளவு பந்தயம் கட்ட முடியும் என்று தோன்றலாம். தேவையே இல்லை. 50 வெள்ளியோடு உட்காருகிறார். மீன்கள் விழுகின்றன, விழுந்த காசு மீண்டும் குண்டாகிறது. அந்த 50 வெள்ளி திரும்பத் திரும்பச் சுற்றிக்கொண்டே, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கரைகிறது. இடையிடையே காசு கொட்டும் ஓசை கேட்பதால் வென்றுகொண்டிருப்பதாகவே தோன்றும். திருக்குறளில் சூதுக்கென்றே 94ஆவது அதிகாரம் உண்டு. அதன் முதல் குறளில், சூதில் கிடைக்கும் வெற்றியைத் தூண்டில் முனையை மீன் விழுங்குவதற்கு ஒப்பிடுகிறார் வள்ளுவர். இங்கே மீனைச் சுடுவதாக நினைத்துக்கொண்டிருப்பவர் யார், தூண்டிலை விழுங்கியவர் யார் என்பதை அவரவர் யோசித்துக்கொள்ளலாம்.

படித்தவர்கள் இதில் ஏமாறமாட்டார்கள் என்பதும் தப்புக்கணக்கு. 1975ல் எல்லன் லாங்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் ஓர் ஆய்வை வெளியிட்டார். முற்றிலும் அதிர்ஷ்டத்தால் முடிவாகும் ஒன்றில்கூட, தாமே தேர்ந்தெடுக்கவும் கைபோடவும் இடம் கொடுத்தால், தம் திறமையால் முடிவை மாற்றலாம் என்று மனிதர்கள் நம்பத் தொடங்கிவிடுகிறார்கள் என்று அதில் காட்டினார். ஜாக்பாட் இயந்திரத்தில் ஒரு பொத்தான்தான். மீன் ஆட்டத்தில் பீரங்கியைத் திருப்பலாம், மீனைத் தேர்ந்தெடுக்கலாம், குண்டின் விலையைக் கூட்டலாம். கைக்கு இவ்வளவு வேலை கொடுக்கும் ஆட்டத்தில் தோற்றவர், "விதி" என்று எழுந்து போவதில்லை. "அடுத்த முறை சரியாகச் சுடுவேன்" என்று உட்கார்ந்துவிடுகிறார்.

இதுவரை சொன்னதெல்லாம் ஆட்டம் நேர்மையாக நடந்தால். வெள்ளிக்கு 95 காசு என்பதும் ஒரு பேச்சுக்குத்தான். உரிமம் இல்லாத ஆட்டத்தில் அது 95 காசா 60 காசா என்று சோதிக்க எவரும் இல்லை. வாட்ஸ்அப்பில் ஓர் ஏஜெண்டு. அவர் கொடுக்கும் கணக்கு, அவர் அனுப்பும் 'இலவச கிரெடிட்'. ஜெயித்த பணத்தை எடுப்பதற்கு மலேசியாவில் 'சூச்சி' என்பார்கள். மலாயில் கழுவுதல் என்று பொருள். நல்ல பெயர்தான்! கழுவித் தர மறுத்துவிட்டு ஏஜெண்டு எண்ணை மாற்றிக்கொண்டால் யாரிடம் போய் முறையிடுவது?

முறையிடப் போனால் தாமும் மாட்டிக்கொள்ள வேண்டியிருக்கும். சிங்கப்பூரின் சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2022 ஆகஸ்ட் 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. இணையத்தில் பந்தயம் ஏற்க இங்கு உரிமம் பெற்றிருப்பது சிங்கப்பூர் பூல்ஸ் ஒன்றுதான். அதில் மீன் சுடும் ஆட்டம் கிடையாது. உரிமம் இல்லாதவரிடம் ஆடுபவருக்கு 10,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஏஜெண்டாகச் செயல்படுபவருக்கு 200,000 வெள்ளி வரை அபராதமும் ஐந்தாண்டு வரை சிறையும் விதிக்கப்படலாம். நண்பர்களைச் சேர்த்துவிட்டால் கமிஷன் என்று ஆசை காட்டப்படும் இளையர்கள் இந்த இரண்டாவது எண்ணைக் கவனிக்க வேண்டும். தம் வங்கிக் கணக்கை ஏஜெண்டுக்கு இரவல் கொடுப்பவருக்கும் தப்ப வழியில்லை. மலேசியாவில் பொதுச் சூதாட்ட விடுதிகள் சட்டமும் பந்தயச் சட்டமும் 1953ல் இயற்றப்பட்டவை. பழைய சட்டம்தானே என்று அங்கும் யாரும் துணிந்துவிட வேண்டாம். அவற்றின்கீழ் அபராதமும் சிறையும் உண்டு.

சூதாட்டக் கூடத்துக்குள் நுழைய சிங்கப்பூரர் ஒரு நாளுக்கு 150 வெள்ளி கட்ட வேண்டும். குடும்பத்தார் விண்ணப்பித்து ஒருவரை உள்ளே விடாமல் தடுக்கவும் வழி உண்டு. கைப்பேசி ஆட்டத்துக்கு வாசலும் இல்லை, வாசல்காரரும் இல்லை. விலக்கு ஆணை எதுவும் அந்த ஏஜெண்டைக் கட்டுப்படுத்தாது. எனவே கண்டுபிடிக்கும் வேலை வீட்டாருடையதாகிறது. வங்கிக் கணக்கில் முன்பின் தெரியாத தனிநபர் பெயர்களுக்கு 30, 50 வெள்ளியாக அடிக்கடி பணம் போகிறதா? சம்பளம் வந்த வாரத்திலேயே கைமாற்றுக் கேட்கிறாரா? நள்ளிரவில் கழிவறையில் கைப்பேசியோடு நெடுநேரம் இருக்கிறாரா? இவற்றில் எதுவும் தனியே ஆதாரமாகிவிடாது. மூன்றும் சேர்ந்தால் கேட்டுவிடுவது நல்லது, கடன்முதலை வந்து கதவில் சாயம் ஊற்றுவதற்கு முன்னால்.

கடனை அடைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நகையை அடகு வைக்கும் தாய்மார்கள் இருக்கிறார்கள். பழக்கத்துக்குச் சிகிச்சை இல்லாமல் கடனை மட்டும் அடைத்தால், கைக்கு வந்த நிம்மதி அடுத்த 'கிரெடிட்' ஆகிவிடும். 2005ல் அமைக்கப்பட்ட பிரச்சினைக்குரிய சூதாட்டத்துக்கான தேசிய மன்றத்தின் உதவி எண் 1800 6668 668. ஆடுபவர்தான் அழைக்க வேண்டும் என்பதில்லை. மனைவியோ பெற்றோரோ அழைக்கலாம். மனநலக் கழகத்திலும் இதற்கென்று சிகிச்சைப் பிரிவு இயங்குகிறது.

வீட்டில் பேச்சைத் தொடங்குவது எப்படி என்று தயங்குபவர்கள், "ஏன் இப்படிச் சூதாடுகிறீர்கள்?" என்று ஆரம்பிக்க வேண்டாம். "சும்மா விளையாட்டு" என்ற பதில்தான் வரும். அவர் ஆடும்போது பக்கத்தில் போய் உட்கார்ந்து, திரையைப் பார்த்து, "என்னங்க, இதில் ஒரு குண்டு எத்தனை காசு?" என்று கேளுங்கள். பிறகு ஒரு நிமிடம் குண்டுகளை எண்ணுங்கள்.