மெழுகில் பதிந்த விரல்கள்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டுக் காலமாகக் கவிதையையும் கதையையும் ஆராய்ந்துவரும் இவ்வவையில், மேலைநாட்டுப் பியானோக் கலைஞர் ஒருவரைப் பற்றிப் பேச இசைவளித்தமைக்கு முதற்கண் நன்றி. என் பொருள் இசையைச் சார்ந்ததாயினும், அது எழுப்பும் வினா எழுதுவோர் அனைவருக்கும் உரியது. பிழை நேர்ந்துவிடுமோ என்னும் அச்சம் ஒரு கலைஞனை என்ன செய்கிறது என்பதே அவ்வினா.

லியோபோல்ட் கொடோவ்ஸ்கி 1870ஆம் ஆண்டில், வில்னியுஸ் நகரை அடுத்த சிற்றூர் ஒன்றில் பிறந்தார். இன்று லித்துவேனியாவில் உள்ள அவ்வூர் அந்நாளில் ரஷ்யப் பேரரசைச் சேர்ந்திருந்தது. பியானோ வாசிப்பைப் பெரும்பாலும் தாமே கற்றுத் தேர்ந்த அவர், பெர்லினிலும் வியன்னாவிலும் அமெரிக்காவிலும் வாழ்ந்து பெரும்புகழ் ஈட்டினார். வாசிப்பவராக மட்டுமன்றி, இசையை இயற்றுபவராகவும் அவர் விளங்கினார்.

போலந்து நாட்டு இசைமேதை ஷோப்பன் இயற்றிய 'எட்யூட்' என்னும் பயிற்சி உருப்படிகள், தேர்ந்த கலைஞரையும் சோதிப்பவை. கொடோவ்ஸ்கி அவற்றை அடிப்படையாகக் கொண்டு 53 புதிய உருப்படிகளை இயற்றினார். அவற்றுள் 22 இடக்கையால் மட்டுமே வாசிக்கத்தக்கவை. ஒன்றில், ஷோப்பனின் இரண்டு வெவ்வேறு உருப்படிகளை ஒரே நேரத்தில் ஒலிக்குமாறு பின்னியிருக்கிறார். அட்டாவதானத்தையும் சித்திரகவியையும் அறிந்த நமக்கு இத்தகைய முயற்சி புதிதன்று. அவற்றைப் பற்றி நாம் கேட்கும் கேள்வியே இங்கும் எழுகிறது. இது கலையா, வெறும் வித்தையா?

அவர் அளித்த விடை தெளிவானது. பியானோவில் ஒரே சமயத்தில் பல குரல்கள் தனித்தனியே ஒலிக்க வேண்டும். இடக்கை வலக்கைக்கு ஏவல் செய்யும் பணியாளாக இருத்தலாகாது. அருமைப்பாடு அதற்கான வழியே என்று அவர் கருதினார். எனவே, கேட்பவர் வியந்து நிற்பதைவிட, வாசிப்பின் கடுமை அவர் காதுக்கு எட்டாமற்போவதே அக்கலையின் வெற்றி.

இத்தகையவர் ஒலிப்பதிவுக் கூடத்திற்குள் நுழைந்தபோது நேர்ந்ததையே இனிக் கூற விரும்புகிறேன். 1928 முதல் 1930 வரை அவர் லண்டனில் கொலம்பியா நிறுவனத்திற்காகப் பல இசைத்தட்டுகள் பதிவு செய்தார். இரவின் அமைதியைப் பாடும் ஷோப்பனின் 'நாக்டேர்ன்' உருப்படிகள் பன்னிரண்டு, பீத்தோவனின் 'பிரியாவிடை' சொனாட்டா, ஷூமனின் 'கார்னவல்', கிரீகின் 'பாலட்' ஆகியன அவற்றுள் அடங்கும்.

அக்காலத்து ஒலிப்பதிவு முறையை இங்குச் சற்று விளக்குதல் தகும். ஒலிவாங்கி வழியே வந்த ஓசை, சுழலும் தடித்த மெழுகுத் தட்டில் ஊசிமுனையால் வரியாகக் கீறப்பட்டது. ஓலையில் எழுத்தாணி கீறியதை அழிக்க இயலாதவாறு, மெழுகில் பதிந்ததையும் திருத்த இயலாது. தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய நான்கு நிமிட இசையே கொள்ளும். நான்காம் நிமிடத்தில் ஒரு விரல் தவறினாலும், முதலிலிருந்து வாசிக்க வேண்டும். பதிந்ததைப் போட்டுக் கேட்டாலோ அம்மெழுகு பழுதாகிவிடும். ஆகவே, எதனைப் பாதுகாக்க விரும்பினாரோ, அதனை உடனே கேட்டறியவும் கலைஞரால் இயலவில்லை.

நண்பர்கள் சூழ்ந்திருக்க வீட்டில் வாசிக்கும்போதுதான் அவருடைய கலை முழுமையாக மலர்ந்தது என்று அதனைக் கேட்ட சக கலைஞர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மேடையிலேயே ஓரளவு ஒடுங்கிவிடும் இயல்பினர் அவர். ஒலிப்பதிவுக் கூடம் அவருக்குப் பெருந்துன்பமாகவே இருந்தது. சிறு பிழையும் காலமெல்லாம் ஒலித்துக்கொண்டிருக்குமே என்ற எண்ணம், வாசிக்க வாசிக்க வளர்ந்தது. மிக அரிய உருப்படிகளை இயற்றிய கைகளே நான்கு நிமிட மெழுகின்முன் அஞ்சின. திறமை குறைந்தவனின் அச்சமன்று இது. எது சரி என்பதைத் துல்லியமாக அறிந்தவனைப் பற்றும் அச்சம்.

1930 ஜூன் 17ஆம் நாள், லண்டன் கூடத்தில் ஷோப்பனின் நான்காம் 'ஷெர்ட்சோ'வைப் பதிவு செய்து முடித்தார். அதனையடுத்து அவரைக் கடுமையான பக்கவாதம் தாக்கிற்று. உடலின் ஒரு பகுதி செயலிழந்தது. மேடை வாழ்வும் அத்துடன் முடிந்தது. 1932இல் மகன் ஒருவர் தற்கொலை செய்துகொண்டார். அடுத்த ஆண்டில் மனைவியும் மறைந்தார். 1938 நவம்பரில் நியூயார்க்கில் கொடோவ்ஸ்கி காலமானார். அந்த லண்டன் இசைத்தட்டுகளில் அவருடைய புகழ்பெற்ற 53 உருப்படிகளில் ஒன்றும் இடம்பெறவில்லை. தாம் இயற்றியதைத் தம் விரல்களாலேயே உலகிற்கு விட்டுச்செல்லும் வாய்ப்பு அங்கே கைநழுவிற்று.

ஆயினும் கதை அங்கே முடியவில்லை. விரல்கள் பதிக்காததைத் தாளில் அச்சான இசைக்குறிப்பு காத்து வைத்திருந்தது. கனடா நாட்டின் மாண்ட்ரியால் நகரில் 1961இல் பிறந்தவர் மார்க் ஆந்திரே ஹாம்லின். மருந்தாளராகப் பணியாற்றிய அவருடைய தந்தை, ஓய்வு நேரத்தில் பியானோ வாசித்தவர்; கொடோவ்ஸ்கியின் இசையை மகனுக்கு அறிமுகப்படுத்தியவரும் அவரே. அம்மகன் வளர்ந்து, அந்த உருப்படிகளின் முழுத்தொகுதியை இரண்டு குறுந்தகடுகளில் பதிவு செய்தார். அது 2000ஆம் ஆண்டின் கிராமஃபோன் விருதினைப் பெற்றது.

ஹாம்லினும் இசை இயற்றுபவர். ஷோப்பனின் மூன்று எட்யூடுகளை ஒன்றாகப் பின்னிய உருப்படி ஒன்றையும் கொடோவ்ஸ்கி இயற்றியதாகக் கூறுவர். ஆனால் அது அச்சேறவில்லை. அந்த வெற்றிடத்தை நிரப்புவார்போல, அதே மூன்றினையும் பின்னித் தாமே ஓர் உருப்படியை இயற்றினார் ஹாம்லின். அவர் இயற்றிய பன்னிரண்டு எட்யூடுகளுள் அதுவே முதலாவது. 2010இல் வெளிவந்த தனி வாசிப்புத் தொகுப்பில் அப்பன்னிரண்டையும் அவரே வாசித்திருக்கிறார். முன்னவருக்குக் கிட்டாத வாய்ப்பு பின்னவருக்குக் கிட்டியது.

இன்றைய ஒலிப்பதிவில் பிழையான இடத்தை வெட்டி, நல்லதை ஒட்டிச் சீர்செய்ய இயலும். இவ்வசதி கொடோவ்ஸ்கிக்கு வாய்த்திருந்தால் அவர் அச்சம் நீங்கியிருக்குமா என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. நீங்கியிராது என்றே தோன்றுகிறது. திருத்த வாய்ப்புள்ள எழுத்தாளனுக்கும் அவ்வச்சம் உண்டு என்பதை இவ்வவையினர் அறிவீர்கள். மீண்டும் மீண்டும் திருத்திக்கொண்டே, எதனையும் வெளியிடாமல் விட்டவர்கள் நம்மிடையே இல்லையா?

அந்த நாக்டேர்ன் பதிவுகளை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். ஊசியின் கீறலோசைக்கு அப்பால் ஓர் அமைதியான பாடல் செல்கிறது; இடக்கை அதற்குச் சம மதிப்புடைய மறுமொழி கூறிக்கொண்டே வருகிறது. வீட்டில் வாசித்த கொடோவ்ஸ்கி இதனினும் உயர்ந்தவராக இருந்திருக்கலாம். அந்த இசை, கேட்டவர்களோடு மறைந்தது. அஞ்சி அஞ்சிப் பதிவு செய்ததே நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

இந்த வட்டத்தின் பத்தாண்டு மலரும் ஒருவகையில் மெழுகுத் தட்டே. அச்சேறியபின் இதில் பிழைகள் தென்படும். சில நம்மை நாணவும் செய்யும். எனினும் முன்னவர் முடிக்காமல் விட்டதை எடுத்து முடிக்கப் பின்னொருவர் வரவேண்டுமாயின், அவர் கையில் ஏதேனும் ஒன்று இருந்தாக வேண்டும். அதனை விட்டுச்செல்லும் துணிவு நம் அனைவருக்கும் வாய்க்கட்டும் என்று கூறி அமைகிறேன்.