பெயரைச் சொல்லாமல் கேட்ட களப்பணி

களப்பயணம் என்றால் நாம் பிள்ளைகளை வரிசையாக அழைத்துப்போய், "இது வேம்பு, இது புங்கன்" என்று சொல்லிக்கொண்டே நடப்போம். பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். இதற்கு நேரெதிராக நடந்த ஒரு களப்பணியைப் பற்றிப் பேசப்போகிறேன்.

மெக்சிகோவின் தெற்கில் சியாபாஸ் மாநிலம். அங்கே சுமார் 2000 மீட்டர் உயரத்தில், பைன், ஓக் மரங்கள் நிறைந்த மலைகளில் இருக்கிறது தெனெஹாபா. மக்கள் செல்தால் என்ற மாயா மொழி பேசுபவர்கள். பிரென்ட் பெர்லின், டென்னிஸ் பிரீட்லவ், பீட்டர் ரேவன் மூவரும் அங்கே செடிகளைச் சேகரித்து, ஊர்மக்கள் அவற்றை எப்படி வகைப்படுத்துகிறார்கள் என்று 1974-ல் நூல் எழுதினார்கள். அதில் எனக்குப் பிடித்த செய்தி இது: அந்த மொழியில் 'தாவரம்' என்ற பொதுச்சொல்லே இல்லை. மரம், பூண்டு, புல், கொடி என்று நான்கு சொற்கள் உண்டு. ஆனால் எண்ணும்போது இந்த நான்குக்கும் ஒரே எண்ணு விகுதி வருகிறது, விலங்குகளுக்கு வேறு. பெயர் இல்லாவிட்டாலும் வகை அவர்கள் மனத்தில் இருக்கிறது! சொல் தெரியாத பிள்ளைக்குக் கருத்தும் தெரியாது என்று நாம் முடிவுகட்டுவதை நினைத்துப் பாருங்கள்.

1968-ல் பிரையன் ஸ்ட்ராஸ் என்பவர் அதே பகுதியில் ஒரு பாதையோரத்துச் செடிகளைக் குறித்துவைத்துக்கொண்டு, குழந்தைகளை அந்த வழியே நடத்தி, "இதற்கு என்ன பெயர்?" என்று கேட்டார். சுமார் 30 ஆண்டுகள் கழித்து ரெபெக்கா ஸார்கரும் ஜான் ஸ்டெப்பும் அதே முறையில் மீண்டும் கேட்டார்கள். இடைப்பட்ட காலத்தில் வாழ்க்கை எவ்வளவோ மாறியிருந்தும், குழந்தைகளின் செடியறிவு பெரிதாகக் குறையவில்லை. அண்ணன், அக்காவோடு விறகுக்கும் வயலுக்கும் போகையில் கற்றது அது.

பறவைகளுக்கு இது சரிவராது. பறவை நமக்காகக் காத்திருக்காதே. அங்கே விலங்குகளின் பெயர்களை ஆராய்ந்த யூஜின் ஹன், 1977-ல் அதைத் தனி நூலாக்கினார். பறவைக்கு அதன் குரலையே பெயராக வைப்பது உலகெங்கும் உள்ள பழக்கம். நம் காக்கையும் அப்படித்தானே? அதனால் பறவை என்றால் முதலில் காது, பிறகுதான் கண்.

நம் பள்ளியிலும் இதைச் செய்யலாம். வளாகத்தில் 20 செடிகளுக்கு எண் அட்டை கட்டுங்கள். ஒருவரைப் பார்த்து ஒருவர் சொல்லிவிடாமல் இருக்க, ஒவ்வொரு பிள்ளையாக அழைத்துப் போங்கள். சரி, தவறு எதுவும் சொல்லாதீர்கள். குறிப்பேட்டில் பிள்ளை சொன்ன பெயருக்கு ஒரு கட்டம், புத்தகப் பெயருக்கு ஒரு கட்டம். செம்போத்தைச் செண்பகம் என்று ஒரு பிள்ளை சொன்னால் அப்படியே எழுதுங்கள். அதுவும் அந்தப் பறவையின் பெயர்தான். செடியைச் செய்தித்தாளில் வைத்து அழுத்துவதற்கு முன் பூவின் நிறத்தைக் குறித்துவிடுங்கள், காய்ந்தால் நிறம் போய்விடும். ஒரு வகுப்பை முடிக்க நான்கைந்து பாடவேளைகளாவது ஆகும்.