செவிலியர் படிப்பு: சேர்க்கும் முன் ஒரு கணக்கு

(உயர்கல்வி வழிகாட்டி ஆசிரியர்களுக்கான பயிற்சியில் ஆற்றிய உரை)

நான் கணக்கு டீச்சர். ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கிறேன். 'பிளஸ் டூவுக்குப் பிறகு என்ன?' என்ற தலைப்பில் பேசச் சொன்னார்கள். எல்லாப் படிப்பையும் பற்றிப் பேசும் அளவுக்கு எனக்குத் தெரியாது. செவிலியர் படிப்பைப் பற்றி மட்டும் பேசுகிறேன். அதில் நான் ஒரு தவறு செய்திருக்கிறேன்.

எட்டு ஆண்டுகளுக்கு முன்பு என் மாணவி ஒருத்தி பிளஸ் டூ முடித்தாள். அப்பா கொத்தனார். பள்ளிக்கு வந்து, "டீச்சர், பாப்பாவ நர்ஸிங் சேக்கலாமா?" என்று கேட்டார். "தாராளமா சேருங்கண்ணே. நர்ஸுக்கு வேலை இல்லைன்னு எங்கயாவது கேட்டிருக்கீங்களா?" என்றேன். அவ்வளவுதான் என் வழிகாட்டுதல். எந்தக் கல்லூரி, எவ்வளவு கட்டணம், முடித்தால் என்ன சம்பளம் என்று ஒன்றும் கேட்கவில்லை. வருடம் முழுவதும் தனிவட்டி, கூட்டுவட்டி நடத்துகிறவள் நான்!

அவள் தனியார் கல்லூரியில் பி.எஸ்சி. நர்ஸிங் சேர்ந்தாள். நான்கு வருடம். வங்கியில் கல்விக் கடன் 3,60,000 ரூபாய். சீருடை, பேருந்து, தேர்வுக் கட்டணம் என்று தனியாகப் போனதற்கு அம்மாவின் நகை அடகுக்குப் போனது.

போன வருடம் தங்கையின் சேர்க்கை விஷயமாக அவள் பள்ளிக்கு வந்தாள். தனியார் மருத்துவமனையில் வேலை. சேர்ந்தபோது 9,000, இப்போது 14,000. அசல் சான்றிதழ்களை மருத்துவமனையே வாங்கி வைத்திருக்கிறதாம். "கடன் எவ்வளவும்மா இருக்கு?" என்று கேட்டேன். அவளுக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அன்று மாலை நானே கணக்குப் போட்டேன்.

நீங்களும் போட்டுப் பாருங்கள். வருடத்துக்கு 90,000 வீதம் நான்கு தவணையாகக் கடன் வருகிறது. படிக்கும் காலமும் அதற்கு மேல் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம். ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். எளிமைக்காக 10 சதவீதம் தனிவட்டி என்று வைத்துக்கொள்வோம். முதல் தவணைக்கு ஐந்து வருட வட்டி, அடுத்ததற்கு நான்கு, பிறகு மூன்று, இரண்டு. மொத்தம் பதினான்கு வருட வட்டி, அதாவது 1,26,000 ரூபாய். திருப்பிக் கட்டத் தொடங்கும் நாளில் கடன் 4,86,000 ஆகிவிடுகிறது. பத்து வருடத்தில் அடைக்க மாதம் ஏறக்குறைய 6,420. சம்பளம் 14,000-இல் அது போனால் 7,580. விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் 4,500 போனால் மிச்சம் 3,080 ரூபாய். அடகு நகைக்கு வட்டி கட்ட வேண்டியதும் இதில்தான்.

அதே வகுப்பில் இன்னொருத்தி. மதிப்பெண் இவளைவிடச் சற்றுக் குறைவு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் டிப்ளமோ நர்ஸிங் கிடைத்தது. மூன்று வருடம். கட்டணம் மிகக் குறைவு, மாத உதவித்தொகையும் உண்டு. "டிப்ளமோதானா?" என்று ஊரில் கொஞ்சம் இளக்காரமாகக் கேட்டார்கள். நானும் மனத்துக்குள் அப்படித்தான் நினைத்தேன்.

ஆனால் படித்து முடித்ததும் இருவரும் பதிவு செய்தது ஒரே தமிழ்நாடு நர்ஸிங் கவுன்சிலில்தான். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் செவிலியர் பணிக்கு இருவருமே விண்ணப்பிக்கலாம். அமெரிக்காவிலும் இப்படித்தான். சமுதாயக் கல்லூரியில் இரண்டு வருடம் படித்தவரும் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் படித்தவரும் எழுதுவது என்க்ளெக்ஸ் என்ற ஒரே உரிமத் தேர்வுதான். கூடுதல் செலவுக்குக் கூடுதல் வருமானம் வருமா என்று அங்கேயும் குடும்பங்கள் கணக்குப் பார்க்கின்றன.

பட்டப்படிப்புக்கு மதிப்பே இல்லை என்று சொல்லமாட்டேன். எய்ம்ஸ் நர்ஸிங் ஆபீசர் தேர்வை பி.எஸ்சி. முடித்தவர் நேரடியாக எழுதலாம். டிப்ளமோ முடித்தவருக்கு ஐம்பது படுக்கையாவது உள்ள மருத்துவமனையில் இரண்டு வருட அனுபவம் வேண்டும். அந்தப் பணியின் தொடக்க அடிப்படை ஊதியம் 44,900 ரூபாய். நர்ஸிங் கல்லூரியில் பாடம் நடத்தவும் பட்டம் வேண்டும். ஆனால் டிப்ளமோ முடித்தவர் பிறகு இரண்டு வருடம் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படித்து அந்தப் பட்டத்தை வாங்கிவிடலாம், அதுவும் சம்பாதித்த பணத்தில். அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. கிடைத்தால் யோசிக்காமல் சேருங்கள். கடன் வாங்கித் தனியாரில் சேர்வதற்குத்தான் காகிதமும் பென்சிலும் வேண்டும்.

சம்பளத்திலும் நாம் கனவு காணக் கூடாது. தனியார் செவிலியர் ஊதியம் பற்றி 2016-இல் உச்ச நீதிமன்றம் சொல்லி, மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. ஐம்பது படுக்கைக்குக் குறைவான மருத்துவமனையில்கூட 20,000-க்குக் குறையக் கூடாது என்று குழு பரிந்துரைத்தது. என் மாணவியின் சம்பளச் சீட்டை இப்போதுதான் பார்த்தோம். அரசு வேலையும் முதல் நாளே காலமுறை ஊதியம் தந்துவிடாது. 2015-இல் தேர்வெழுதிச் சேர்ந்த ஆயிரக்கணக்கான செவிலியர்கள் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில்தான் தொடங்கினார்கள். போராட்டங்களுக்குப் பிறகு படிப்படியாக 18,000 ஆனது.

தொடக்கப்பள்ளி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ஊரில் பெற்றோர் முதலில் கேட்பது உங்களிடம்தான். பேருந்து நிலையச் சுவரில் 'ஓராண்டு நர்ஸிங், பத்தாம் வகுப்பு பாஸ் அல்லது ஃபெயில்' என்று ஒட்டியிருப்பார்கள். அந்தச் சான்றிதழை வைத்துக் கவுன்சிலில் பதிவு செய்ய முடியாது. பதிவு இல்லாதவர் சட்டப்படி செவிலியர் இல்லை. யாராவது கேட்டால், இந்திய நர்ஸிங் கவுன்சில், மாநிலக் கவுன்சில் இரண்டின் பட்டியலிலும் அந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா என்று செல்பேசியிலேயே பார்த்துச் சொல்லுங்கள். நம் மாணவிகளில் அதிகம் ஏமாறுவது இங்கேதான். கடனில் மாட்டியவளுக்காவது கையில் உரிமம் இருக்கிறது.

இந்த வருடம் அந்தத் தங்கையும் பிளஸ் டூ முடித்தாள். அவளுக்கும் நர்ஸிங்தான் வேண்டுமாம். அப்பா மறுபடி வந்தார். இந்த முறை நோட்டை எடுத்து வைத்து உட்கார்ந்தோம். மூன்று வருட அரசு டிப்ளமோ ஒரு பக்கம், நான்கு வருடத் தனியார்ப் பட்டம் ஒரு பக்கம். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் வீதம் முப்பத்தாறு மாதத்துக்கு 36,000 என்று அவளே எழுதினாள். கடன் வாங்க நேர்ந்தால் வங்கியில் வட்டி மானியம் பற்றிக் கேட்க வேண்டும் என்றும் குறித்துக்கொண்டோம். மருத்துவக் கல்வி இயக்ககத்தின் விண்ணப்பத்தைப் பள்ளிக் கணினியிலேயே நிரப்பினோம்.

எழுந்து போகும்போது அவர் கேட்டார்: "மூத்தவளுக்கு இத ஏன் டீச்சர் சொல்லல?"

"எனக்கே தெரியாதுண்ணே" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. தரவரிசைப் பட்டியல் இன்னும் வரவில்லை. தினமும் காலையில் முதல் மணி அடிக்கும் முன் நானும் அந்தப் பெண்ணும் இணையத்தில் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.