உழுத மாடும் ஓடுகிற மாடும்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"வேகம்" என்று தலைப்பு கொடுத்துப் பத்து நிமிஷம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு முன்னால் பேசியவர் கம்ப்யூட்டர் வேகத்தைப் பற்றிப் பேசிவிட்டார். நான் கடம்பூர்க்காரன். எங்கள் ஊர்ப் பேரைச் சொன்னால் ரயிலில் போனவர்களுக்குப் போளி ஞாபகம் வரும். எனக்கு வருவது மாட்டுவண்டிப் பந்தயம்.

விடுதியில் என் அறைத்தோழர் பொள்ளாச்சிப் பக்கம். இதோ முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். பேரைச் சொல்லக்கூடாது என்று காலையிலேயே சத்தியம் வாங்கிவிட்டார். மூன்று வருஷமும் எங்களுக்குள் ஒரே சண்டை: யார் ஊர் மாடு வேகம்?

வெளியூர்ப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். அவர்கள் ஊர் ரேக்ளா வேறு, எங்கள் பந்தயம் வேறு. கொங்குப் பக்கம் ஒவ்வொரு வண்டியாக விடுவார்கள். பல் போட்ட கணக்குப் பார்த்து இளம் மாட்டுக்கு 200 மீட்டர், மூத்ததற்கு 300 மீட்டர். கடிகாரத்தோடுதான் போட்டி. நொடியின் சின்னப் பங்கில் பரிசு மாறிப்போகும். எங்கள் பக்கம் தூத்துக்குடி, விருதுநகர், சிவகங்கை எல்லாம் ரோட்டுப் பந்தயம். பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று வகை பிரித்து, பெரிய மாட்டுக்குப் போக வர எட்டு மைல், பத்து மைல் என்று வைப்பார்கள். எல்லா வண்டியும் ஒன்றாகக் கிளம்பும். எல்லையைத் தொட்டுத் திரும்ப வேண்டும். தார் ரோட்டில் லாடம் வழுக்காமல் அந்த இடத்தில் திருப்புகிறவன்தான் சாரதி.

"உங்க மாடு பஸ்சு மாதிரி, எங்களது ராக்கெட்டுங்க" என்பார் அவர். "ராக்கெட்டுல ஏறிச் சந்தைக்குப் போக முடியுமாய்யா?" என்பேன் நான். இப்படியே விளக்கணைக்கிற நேரம் ஆகிவிடும்.

இந்தச் சண்டை நமக்கு மட்டும் உள்ளதென்று நினைத்திருந்தேன். அமெரிக்காவில் கார்க்காரர்களுக்கும் இதே சண்டை. அங்கே கால் மைல் பந்தயம் பிரபலம். அதாவது 402 மீட்டர். நண்பர் ஊர் ரேக்ளாவுக்கு மேல் நூறு மீட்டர்தான் அதிகம். நேரே ஓடத்தான் அந்தக் கார், ஒரு திருப்பம் கிடையாது. "என் கார் ரோட்டிலும் ஓடும், பந்தயத்திலும் ஓடும்" என்று ஆளாளுக்குச் சொல்ல ஆரம்பித்தார்கள். லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கிவிட்டு "ரோட்டுக் கார்" என்றால் யார் நம்புவது? அதனால் ஹாட் ராட் என்ற பத்திரிகை 2005-ல் ஒரு போட்டி தொடங்கியது. ஐந்து நாள். ஒவ்வொரு நாளும் பந்தயத்தில் ஓட வேண்டும். ஊருக்கு ஊர் அதே காரைத் தானே ஓட்டிப் போக வேண்டும். மொத்தம் ஆயிரம் மைல் அளவுக்கு வரும். கூட உதவி வண்டி வரக்கூடாது; ஸ்பேனர், டயர் எல்லாம் அந்தக் காரோடேயே கொண்டுபோக வேண்டும். 2019-ல் அந்தப் போட்டியில் ஒரு கார் கால் மைலை 6 வினாடிக்குள் தாண்டியது. ஆறு எண்ணி முடிப்பதற்குள்! அதே கார் மறுபடி பொது ரோட்டில் போனது. ஜோடித்த தேர் மாதிரி நிறுத்திவைக்கிற கார் இல்லை அது.

இதைப் படித்தபோது எங்கள் ஊர்ப் பெரியவர்கள்தான் கண்ணில் நின்றார்கள். பந்தயத்துக்கு ஜோடி வந்தால் முதலில் காலைப் பார்க்க மாட்டார்கள். கழுத்தைத் தடவிப் பார்ப்பார்கள். நுகத்தடி பட்டுக் காய்ப்பு இருந்தால், "வேலை மாடுதாம்ப்பா" என்று ஒரு மரியாதை. இல்லாவிட்டால், "மாப்பிள்ளை மாடு" என்று கேலி. கரிசல் நிலத்தில் ஈரம் காய்வதற்குள் உழுது விதைக்க வேண்டும். ஐப்பசி மழைக்குப் பிறகு சேற்றில் கால் புதைய இழுத்த மாடு, தை பிறந்ததும் அதே காலோடு ரோட்டில் ஓடும். பருத்திக்கொட்டை அரைத்த பால், கண்மாயில் நீச்சல், அவ்வளவுதான் கவனிப்பு. கழுகுமலைத் தாவணியில் பிடித்துவந்த கன்று கடை சேர்வதற்குள் இரண்டும் பழகிவிடும்.

பிறகு டிராக்டர் வந்தது. அதைக் குறை சொல்ல மாட்டேன். மக்காச்சோளம் போடுகிற என் தம்பி அதில்தான் உழுகிறான். ஆனால் வேலை போனதும் மாடு ஓட்டத்துக்கு மட்டும் என்று ஆனது. பந்தயத்துக்கு வருவதும் டெம்போவில்தான்!

2014 மே 7-ல் உச்சநீதிமன்றம் ஜல்லிக்கட்டோடு மாட்டுவண்டிப் பந்தயத்தையும் நிறுத்தியது. வாலைக் கடிப்பது, ஆணி வைத்த தார்க்குச்சியால் குத்துவது எல்லாம் வழக்கில் வந்தது. குத்தினது உண்மைதானே? குத்தாமல் ஓட்டியவனும் சேர்ந்து நின்றுபோனான். 2017-ல் சட்டம் வந்தது. 2023 மே 18-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதைச் செல்லும் என்றது. இடைப்பட்ட அந்த வருஷங்களில் எங்கள் தெருவில் நிறைய ஜோடி கைமாறிப்போனது. நான் படித்த காலத்தில் ஏழு ஜோடி இருந்த தெரு. இப்போது என் பெரியப்பா மகனிடம் ஒரு ஜோடி. அவர் மட்டும் இன்னும் வண்டி பூட்டி எரு அடிக்கிறார். அந்த ஜோடிக்கும் பல் தேய ஆரம்பித்துவிட்டது. "இதுக்கப்புறம் எனக்கு மாடு வேண்டாம் தம்பி" என்று போன பொங்கலுக்குச் சொன்னார்.

அதனால் சங்கத்திடம் ஒரு விண்ணப்பம். அடுத்த சந்திப்பில் நம் செலவில் வேலை மாட்டுக்கென்றே ஒரு பந்தயம் வைப்போம். காலையில் கால் ஏக்கர் உழ வேண்டும். உழுத மாடுதான் சாயங்காலம் ஓடலாம். பத்து மைல் வேண்டாம், இரண்டு மைல் போதும். தார்க்குச்சி கையில் இருந்தால் பரிசு கிடையாது. கலெக்டர் அனுமதி, கால்நடை டாக்டர் பரிசோதனை எல்லாம் முறைப்படி வாங்க வேண்டும். அந்த அலைச்சலை நான் பார்த்துக்கொள்கிறேன். எத்தனை ஜோடி வரும் என்று கேட்கிறீர்களா? நாலு வந்தாலும் எனக்குப் போதும். பந்தயம் உண்டென்றால் அண்ணன் இன்னொரு கன்று பிடிப்பார், அது எனக்குத் தெரியும்.

நண்பர் எழுந்து நிற்கிறார். "300 மீட்டரும் வை, கடிகாரம் நான் கொண்டுவரேன்" என்கிறார். (சிரிப்பு) சரி, வைப்போம். ஆனால் அவர் மாடும் காலையில் உழ வேண்டும். எங்கள் கரிசலில், ஐயா, உங்கள் செம்மண்ணில் அல்ல!

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். வெளியே போளி வந்துவிட்டதாம்.