யந்திரத்தின் சிறு கதவுகள்



சொந்த மாநிலத்தை விட்டு வெளியே வாழும் நம்மவர் வீடுகளில் ஊரிலிருந்து கூடவே வந்த பொருள் ஒன்றேனும் இருக்கும். சிலருக்கு அது குத்துவிளக்கு, சிலருக்கு அம்மிக்கல். எனக்கு வாய்த்தது என் தந்தையார் ஓட்டிய புல்லட் மோட்டார் சைக்கிள். சென்னையை அடுத்த திருவொற்றியூரில் உருவான அது, ரயில் பார்சலில் தில்லி வந்து சேர்ந்தது. அதன் கியர் பாக்ஸின் வெளிப்புறத்தில், இரண்டே திருகுகளால் பொருத்தப்பட்ட சிறு தகடு ஒன்று உண்டு. பல ஆண்டுகள் அதனை அழகுக்கு வைத்த தகடு என்றே எண்ணியிருந்தேன்.

ஒரு குளிர்கால விடுமுறை நாளில் வண்டி இழுக்க மறுத்தது. எஞ்சின் உறுமுகிறது, வேகம் ஏறவில்லை. கிளட்ச் நழுவுகிறது என்று தெரிந்துகொண்டு, ஏட்டுப் படிப்பின் துணிவோடு கியர் மிதியையும் உதைகாலையும் கழற்றி, பெரிய மூடியின் திருகுகள் அத்தனையையும் அவிழ்த்தேன். மூடி கையோடு வந்தது, கேஸ்கட் கிழிந்தது, உதைகாலின் சுருள்வில் துள்ளி வெளியே வந்தது, ஆயில் வாசலெல்லாம் வழிந்தது. சிதறியவற்றை ஒரு வாளியில் இட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு கரோல் பாக் சென்றேன். முதிய சர்தார்ஜி ஒருவர் வாளியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “பாபுஜி, வீட்டுக்குள் போகச் சுவரையா இடித்தீர்கள்? கதவு இருக்கிறதே!” என்று அந்தச் சிறு தகட்டைச் சுட்டினார்.

அந்தக் கதவு ஏன் அங்கே இருக்கிறது? கிளட்ச்சில் உராயும் தட்டுகள் நாளடைவில் தேய்கின்றன. தேயத் தேயத் தட்டுகளின் அடுக்கு மெலிந்து, அவற்றை அழுத்தும் வெளித்தட்டு உள்நோக்கி நகர்கிறது. நடுவே ஓடும் தள்ளுகோலுக்கு இருந்த சிறு இடைவெளி மறைந்துவிடுகிறது. பிறகு கைப்பிடியை விட்டாலும் தட்டுகள் முற்றும் இறுகுவதில்லை. மருந்து எளிது. பூட்டு நட்டைத் தளர்த்தி, நடுத்திருகை வேண்டிய அளவு பின்வாங்கி, மீண்டும் பூட்டினால் போதும். இதனை அவ்வப்போது செய்தே ஆகவேண்டும் என்பதை அறிந்த பொறியாளர், அதற்கென்றே ஒரு வாயில் வைத்தார். தேய்மானம் எங்கு உண்டோ அங்கே ஒரு கதவு.

ஆதியில் கதவும் இல்லை, சுவரும் இல்லை. மோட்டார் சைக்கிள் தோன்றிய காலத்தில் பெரும்பாலான வண்டிகளில் கியரே கிடையாது. எஞ்சினிலிருந்து பின்சக்கரத்துக்கு ஒரு தோல்வார் ஓடும், அவ்வளவே. 1915-ஆம் ஆண்டில் வந்த ட்ரையம்ப் ‘எச்’ வண்டியில் மூன்று வேக கியர் பாக்ஸ் அமைந்தது. எஞ்சினிலிருந்து அதுவரை சங்கிலி, அதற்கப்பால் பழைய வார் என்று இரண்டு யுகங்களும் ஒரே வண்டியில் குடியிருந்தன. திறந்து கிடந்த சங்கிலியைச் சேறும் மணலும் அரித்தன; ஓட்டுபவரின் கால்சட்டை நுனியையும் அது விட்டுவைக்கவில்லை. ஆகவே தகர உறை வந்தது. உறைக்குள் ஆயிலை ஊற்றினால் சங்கிலி நீடித்து உழைக்கும் என்று கண்டபோது, உறை ஒரு பாத்திரமாயிற்று. பாத்திரம் என்றால் ஒழுகும். நார்ட்டன் வண்டிகளின் தகர உறை, நடுவே ஒரு நட்டாலும் விளிம்பில் ஒரு ரப்பர் வளையத்தாலும் மூடப்பட்டது. அது நின்ற இடங்களில் விட்டுச் சென்ற ஆயில் வட்டங்களை இங்கிலாந்தின் பழைய ஓட்டிகள் இன்றும் கேலி பேசுவர்.

பின்னர் வார்ப்பு அலுமினிய மூடிகள் பெருகின. ராயல் என்ஃபீல்டில் இடப்புறத்துச் சங்கிலி மூடியை ஒரே ஒரு நட்டு தாங்குகிறது. வலப்புறத்திலோ திருகுகள் பல. நான் அவிழ்த்தவை அவைதாம். பெரிய மூடியைத் தொடாமலே காரியம் முடியவேண்டும் என்ற எண்ணமும் வலுத்தது. 1967-இல் வெளிவந்த நார்ட்டன் கமாண்டோவின் சங்கிலி மூடியில், சங்கிலியின் விறைப்பைப் பார்க்க ஒரு துளை, கிளட்ச்சைச் சரிசெய்ய ஒரு துளை, தனித்தனி அடைப்பான்களோடு அமைந்தன. அமெரிக்காவின் ஹார்லி டேவிட்சன் பெரிய வண்டிகளில், 1965-ஆம் ஆண்டில் மின்சாரத்தால் கிளப்பும் முறை வந்தபோது, தகர உறை போய் அலுமினிய உறை வந்தது. அவற்றில் கிளட்ச்சுக்கு நேரே உள்ள வட்ட மூடிக்கு டெர்பி கவர் என்று பெயர். நெடுங்காலம் மூன்று திருகுகளோடு இருந்த அது, 1999-இல் புதிய எஞ்சினோடு ஐந்து திருகுகள் பெற்றது. இந்த எண்ணிக்கை அறியாமல் பழைய மூடி வாங்கி ஏமாந்தவர்கள் உண்டு. ஜப்பானியரோ தம் வண்டிகள் பலவற்றின் பார்வைத் துளை அடைப்பான்களில் அகன்ற பள்ளம் வெட்டினர். சட்டைப் பையிலுள்ள காசே திருகுளி.

இதனிடையே வேறொரு மாற்றமும் நடந்துகொண்டிருந்தது. எஞ்சினும் கியர் பாக்ஸும் தனித்தனியே இருந்த காலம் போய், இரண்டும் ஒரே கூட்டுக்குள் வந்தன. ட்ரையம்ப் 1957-இல் தன் 350 சி.சி. இரட்டை சிலிண்டர் வண்டியை அவ்வாறு அமைத்தது. நம் புல்லட் மட்டும் பிடிவாதமாக நின்றது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் கூட்டுறவோடு தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, இங்கிலாந்தில் ரெட்டிச் தொழிற்சாலை 1967-இல் மூடிய பிறகும், நான்கு கியர் கொண்ட தனிப் பெட்டியையும் அதன் சிறு தகட்டையும் பல பத்தாண்டுகள் விடாமல் செய்துவந்தது. சென்ற நூற்றாண்டு கழிந்து, 2008, 2009-ஆம் ஆண்டுகளில்தான் ஒருங்கிணைந்த எஞ்சின் வந்தது. அதில் சங்கிலியின் விறைப்பைத் தானே காக்கும் அமைப்பு உண்டு. ஓட்டுபவர் உள்ளே எட்டிப் பார்க்க வேண்டிய அவசியம் குறைந்தது. ஒழுக்கு குறைந்ததும் உண்மையே. அதனைக் குறை கூற நான் யார்? வாசலெல்லாம் ஆயில் கொட்டியவன் நான்.

மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் ஒரு வார்த்தை. இந்தத் தகட்டைச் சென்னைப் பட்டறையில் ‘கவர்’ என்பார்கள். கரோல் பாக்கில் ‘டக்கன்’. அகராதி வழி நின்றால் நான் ‘மூடி’ என்று எழுதவேண்டும். சர்தார்ஜி சொன்ன பிறகு எனக்கு அந்தச் சொல் வருவதில்லை.

அன்று அவர் வாளியில் இருந்தவற்றையெல்லாம் துடைத்துப் பூட்டிவிட்டு, அந்த இரண்டு திருகுகளை என் கையாலேயே அவிழ்க்கச் செய்தார். திருகுகளின் பள்ளங்கள் ஏற்கெனவே தேய்ந்திருந்தன. என் தந்தையார் எத்தனை முறை அங்கே திருகுளி வைத்திருப்பார் என்று அப்போதுதான் தெரிந்தது. திருகுகளை மாற்றிவிடலாம் என்றார் சர்தார்ஜி. இன்னும் பிடிக்கின்றன, இருக்கட்டும் என்றேன்.